கொல்லைப்புறத்து உயிர்களிடம் வேதபாடம் கற்பது எப்படி: காவிரிப் படுகைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களின் கிராமத்து வீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கொல்லை இருக்கும். ஒரு கிணறோ அடிபம்போ, இரண்டு மூன்று தென்னை, ஒரு முருங்கை, வாழை, அடுக்கி வைத்த விறகு, வேலிக்கு அப்பால் வாய்க்கால் அல்லது வயல் என்று அந்த இடம் விரியும். காகம், அணில், ஓணான், தவிட்டுக்குருவி, செம்போத்து, மடையான், கீரி, சாரைப்பாம்பு, முசுறு எனப்படும் செவ்வெறும்பு என்று நாம் வளர்க்காத பல உயிர்கள் அங்கே நம்மோடு குடியிருக்கின்றன. "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை (மத்தேயு 6:26) நம்மில் பலர் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, கொல்லையில் உட்கார்ந்து, உண்மையாகவே ஒரு பறவையைக் கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. அப்படிப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கும் ஞாயிறுபள்ளி ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இதில் நான் வலியுறுத்துவது ஒரு வரிசையைத்தான். முதலில் உயிரை உள்ளபடி பார்க்க வேண்டும். அதன்பின் வேதத்தைத் திறக்க வேண்டும். அதன்பின் கையால் ஏதாவது செய்ய வேண்டும். வரிசை மாறினால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த அறிவுரைகளை அணிலின் வாயில் வைத்துப் பேச வைத்துவிடுவோம். படைத்தவரைப் பற்றிக் கற்க விரும்புகிறவர், அவர் படைத்ததைப் பற்றித் தவறாகச் சொல்லத் துணியலாகாது.

இந்த மண்ணில் இது புதிய பழக்கமும் அன்று. 1706ஆம் ஆண்டு ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் அங்கே வளர்ந்த லுத்தரன் மிஷன், வேதத்தை மொழிபெயர்த்ததோடு நிற்கவில்லை. 1768இல் மிஷன் மருத்துவராக வந்த கோனிக் என்பவர், உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் பயின்ற தாவரவியலாளர். 1776இல் வந்த ராட்லர் ஊழியம் செய்துகொண்டே செடிகளைச் சேகரித்தார். 1771இல் வந்து 1813இல் தரங்கம்பாடியிலேயே மரித்த ஜான் என்னும் மிஷனரி மீன்களையும் பாம்புகளையும் ஆராய்ந்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். நம் ஊரில் இருதலை மணியன் என்று சொல்லப்படும் விஷமில்லாத மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயர் 'எரிக்ஸ் ஜானியை' என்பது அவரை நினைத்து வைக்கப்பட்டதே. பிரசங்க பீடத்தில் நின்றவர்கள் பாம்பின் செதிலையும் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

முதல் படி: இடமும் வேளையும்

கொல்லையில் ஒரே இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். துவைக்கும் கல்லோ, கிணற்றடிப் படியோ, ஒரு பழைய ஸ்டூலோ போதும். விடிந்தபின் வரும் முதல் ஒரு மணி நேரத்தில் பறவைகளின் நடமாட்டம் மிகுதி. நண்பகலில் கொல்லை வெறிச்சென்று இருக்கும். நீங்கள் போய் உட்கார்ந்தவுடன் அங்கிருப்பவை விலகிவிடும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் திரும்பி வரும். ஆகவே இருபது நிமிடத்துக்குக் குறைவாக உட்காருவதில் பயன் அதிகமில்லை. கைப்பேசி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஜெபத்தோடு தொடங்குங்கள், ஆனால் நீண்ட ஜெபம் வேண்டாம். கண்ணைத் திறந்து பார்ப்பதற்காக வந்திருக்கிறோம்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நல்ல பாம்பும், கட்டுவிரியனும், கண்ணாடி விரியனும் வாழும் நாடு இது. விறகு அடுக்கிலும் வைக்கோல் போரிலும் கையை விடாதீர்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் மந்திரிப்பதிலும் கீறிவிடுவதிலும் ஒரு நிமிடத்தைக்கூட இழக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: பெயர் அறிதல்

ஆதாமுக்குத் தேவன் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுவது (ஆதியாகமம் 2:19). பெயர் தெரியாத உயிரைப் பற்றிய பாடம் 'ஒரு பறவை' என்ற அளவிலேயே நின்றுவிடும். ஆகவே உங்கள் கொல்லைக்கு வருபவற்றின் பெயர்களை முதலில் எழுதுங்கள். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக்காகம். உடல் முழுவதும் கறுப்பாகவும் அலகு தடித்தும் இருந்தால் அண்டங்காக்கை. கூட்டமாகத் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டு ஓயாமல் சத்தமிடுபவை தவிட்டுக்குருவிகள். மின்கம்பியில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைத் துரத்திப் பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புவது கரிச்சான். உங்கள் ஊரில் வழங்கும் பெயரையே எழுதுங்கள்; நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே ஆயுளைக் கழித்த முதியவர்களிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாத பெயர்களும் கிடைக்கும்.

மூன்றாம் படி: பாடம் தேடாமல் பார்த்தல்

இதுதான் கடினமான படி. இரண்டு வாரமாவது வேதவசனம் எதையும் தேடாமல், பார்த்ததை மட்டும் எழுதி வாருங்கள். 'அழகான அணில் வந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்பது பதிவு ஆகாது. அணில் எங்கிருந்து வந்தது, எதைத் தின்றது, எதைக் கண்டு வாலைத் தூக்கிக் கத்தியது என்பவைதான் பதிவு.

ஓர் எடுத்துக்காட்டு. காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று கிடைத்த காகம் அதை அப்படியே விழுங்குவதில்லை. கிணற்றடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோகும். துண்டை நீரில் போட்டு, அலகால் அழுத்தி, எடுத்துப் பார்த்து, இன்னும் கெட்டியாக இருந்தால் மறுபடியும் நனைக்கும். இன்னொரு காகம் அருகில் வந்தால் ஊறிய துண்டைக் கவ்விக்கொண்டு மதில்மேல் ஏறிவிடும். இதை முழுமையாகப் பார்த்தவருக்கு, 'பறவைகளைப் பிதா பிழைப்பூட்டுகிறார்' என்ற வாக்கியம் சும்மா இருப்பவர்களுக்கு வாயில் சோறு விழும் என்ற பொருளில் இனி ஒருபோதும் கேட்காது. காகம் நாள் முழுவதும் உழைக்கிறது. உழைக்கும் அறிவையும் நனைக்கும் யோசனையையும் சேர்த்தே அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

மாமரத்தில் கூடு கட்டும் முசுறு இன்னும் நெருங்கிப் பார்க்கத் தகுந்தது. கடி கடுமையானது, ஆகவே ஒரு முழ தூரம் விட்டு நில்லுங்கள். ஓர் இலையின் ஓரத்தை வரிசையாகப் பற்றிக்கொண்டு பல எறும்புகள் ஒரே நேரத்தில் இழுக்கும். அடுத்த இலை எட்டவில்லை என்றால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இடைவெளியைக் கடக்கும். இரண்டு விளிம்புகளும் சேர்ந்தபின், வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து வெண்ணிறப் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வரும். அவை எறும்பின் குஞ்சுகள். திருபுவனத்துத் தறியில் நாடா ஓடுவதுபோல அந்தக் குஞ்சை இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாக அவை நகர்த்த, குஞ்சின் வாயிலிருந்து வரும் பட்டிழை இலைகளை ஒட்டிவிடுகிறது. வளர்ந்த எறும்புக்கு நூல் இல்லை. குஞ்சுக்கு வலிமை இல்லை. மற்ற பல எறும்பினங்களின் குஞ்சுகள் தம்மைச் சுற்றிக் கூடு பின்னப் பயன்படுத்தும் பட்டிழையை, முசுறுக் குஞ்சுகள் பொதுக் கூட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன.

இவ்வளவும் பார்த்தபின் 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, சரீரத்தின் பலவீனமாகக் காணப்படுகிற அவயவங்களே மிகவும் வேண்டியவைகளாயிருக்கிறது என்று பவுல் எழுதுவதை வாசியுங்கள். சபையின் கட்டடக் குழுவில் சிறு பிள்ளைகளுக்கு இடமில்லை என்று நினைக்கிறவர்கள் அந்த மாமரத்தடியில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் தாழ்மையான விருப்பம்.

நான்காம் படி: வேதத்தைத் திறத்தல்

ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வேதத்தில் வரும் இடங்களைக் காட்டும் நூல்) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த உயிர் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று முழுவதும் தேடுங்கள். பிடித்த ஒரு வசனத்தோடு நிறுத்தாதீர்கள். காகத்தையே எடுத்துக்கொள்வோம். லேவியராகமம் 11இல் அது புசிக்கத்தகாத, அருவருக்கப்பட வேண்டிய பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. அதே காகம் 1 இராஜாக்கள் 17இல் கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகிறது. யோபு 38:41இலும் சங்கீதம் 147:9இலும் கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கு இரை கொடுப்பவர் தேவன் என்று வருகிறது. லூக்கா 12:24இல் இயேசு, பறவைகள் என்று பொதுவாகச் சொல்லாமல், காகங்களையே கவனிக்கச் சொல்கிறார். இவை எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால்தான், விலக்கப்பட்டதென்று எண்ணப்பட்ட பறவையைத் தேவன் ஊட்டுகிறார், அதன் அலகாலேயே தம் தீர்க்கதரிசிக்கும் ஊட்டுகிறார் என்ற முழுப் படம் தெரியும். எந்தத் தெருவிலிருந்து யார் கையால் வந்த சோறு என்று பார்த்துச் சாப்பிடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை; கிறிஸ்தவர்களுக்குள்ளும் அற்றுப்போகவில்லை. எலியா காகத்தின் அலகிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார் என்பதை அந்த நினைவோடு வாசிக்க வேண்டும்.

சிட்டுக்குருவி பற்றிய வசனத்தையும் அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள். வேதத்தில் அடைக்கலான் குருவி என்று வருவது அதுவே. உங்கள் பிதாவின் சித்தமில்லாமல் அவைகளில் ஒன்றாகிலும் தரையிலே விழாது என்று மத்தேயு 10:29இல் இயேசு சொல்வது, துன்பப்படுத்தப்படப் போகிற சீஷர்களைப் பார்த்து. குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. ஓட்டு இறவாணத்திலிருந்து விழுந்து செத்துக் கிடக்கும் குஞ்சை உங்கள் பிள்ளை கையில் எடுத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்டால், இந்த வசனத்தைச் சுருக்கிச் சொல்லி ஆறுதல்படுத்த முயலாதீர்கள். விழுந்தது உண்மை, பிதா அறியாமல் விழவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லி, பிள்ளையோடு சேர்ந்து குழி தோண்டி அதைப் புதையுங்கள்.

வேதத்தில் நல்ல இடம் பெறாத உயிர்களும் உண்டு. ஐப்பசி மழையில் வயல் முழுவதும் கத்தும் தவளை, யாத்திராகமம் 8இல் வாதையாகவும் வெளிப்படுத்தல் 16இல் அசுத்த ஆவிகளுக்கு ஒப்பாகவும் வருகிறது. அதற்காகக் கொல்லைத் தவளையைப் பிசாசோடு சேர்க்கவும் வேண்டாம். எப்படியாவது ஒரு நற்பாடத்தை அதிலிருந்து பிழிந்தெடுக்கவும் வேண்டாம். சங்கீதம் 148, ஊரும் பிராணிகளையும் இறகுள்ள பறவைகளையும் கர்த்தரைத் துதிக்க அழைக்கிறது. நமக்குப் பாடம் சொல்லாத உயிருக்கும் தன்னைப் படைத்தவரோடு ஓர் உறவு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அன்றைய பக்கத்தில் தவளை கத்தியது என்று மட்டும் எழுதி மூடிவிடலாம்.

ஐந்தாம் படி: பாடத்தைச் சோதித்தல்

உங்களுக்குக் கிடைத்ததாகத் தோன்றும் பாடத்தை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். அந்த உயிரைப் பற்றி நான் சொல்வது உண்மையா? வசனம் தன் இடத்தில் அதைத்தான் சொல்கிறதா? இந்தப் பாடம் என்னைத் திருத்துகிறதா, இல்லை பிறரைக் குத்துவதற்குக் கிடைத்த ஆயுதமா?

முதல் கேள்வி எவ்வளவு அவசியம் என்பதற்குக் கூழைக்கடா சாட்சி. தாய்ப்பறவை தன் மார்பைக் குத்தி இரத்தத்தால் குஞ்சுகளை வளர்க்கிறது என்று பழைய காலத்தில் நம்பினார்கள். அதைக் கிறிஸ்துவின் பலிக்கு அடையாளமாகத் தேவாலயங்களில் செதுக்கினார்கள். வடுவூர் ஏரிப் பக்கம் கூழைக்கடாவைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும்: அது விழுங்கிக் கொண்டுவரும் மீனைக் கக்கித்தான் குஞ்சுக்குக் கொடுக்கிறது. கிறிஸ்துவின் பலி உண்மையானது. அதைச் சொல்ல உண்மையல்லாத பறவைக் கதை தேவையில்லை. அதேபோல் பாம்பு பால் குடிக்கும், பழிவாங்கும் என்பவையும், கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்பதும் விசுவாசிகளின் வீடுகளில் இன்னும் பேசப்படுகின்றன. கூகை எலி பிடிக்கும் பறவை. அது வந்து உட்காரட்டும் என்றே வயலில் குச்சி நட்டு வைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். அந்தக் குரலுக்கு அஞ்சுகிற வீட்டில் முதலில் கற்க வேண்டிய பாடம் பயத்திலிருந்து விடுதலை.

குயிலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கோடையில் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது. காகம் அடைகாத்து, குயில் குஞ்சுக்கும் சேர்த்து இரை ஊட்டுகிறது. இதைப் பார்த்தவுடன் குயிலை ஏமாற்றுக்காரியாகவும் காகத்தைத் தியாகியாகவும் வைத்து ஒரு பிரசங்கம் தயாராகிவிடும். ஆனால் குயில் பாவம் செய்யவில்லை. நியாயப்பிரமாணம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. யோபு 39இல் தீக்குருவி (நெருப்புக்கோழி) தன் முட்டைகளைத் தரையில் விட்டுவிட்டுப் போவதைத் தேவனே விவரிக்கிறார். தேவன் அதற்குப் புத்தியைக் கொடாமல் ஞானத்தை விலக்கிவைத்தார் என்று காரணம் சொல்லப்படுகிறதே தவிர, அந்தப் பறவைமீது குற்றம் சாட்டப்படவில்லை. யோபுவின் கேள்விகளுக்குத் தேவன் கொடுத்த மறுமொழியில் பாதி, யோபு வளர்க்காத, யோபுவுக்குப் பயன்படாத மிருகங்களைப் பற்றியது. குயிலின் முன்னால் நாமும் யோபுவைப்போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருக்கலாம். அதுவும் ஓர் ஆராதனையே.

மூன்றாம் கேள்விக்கு அடிக்கடி தோற்பது எறும்பு வசனம். "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்" என்ற நீதிமொழியை (6:6) நாம் பெரும்பாலும் மகனுக்கோ மருமகளுக்கோ வேலையாளுக்கோ சொல்கிறோம். போகச் சொல்லப்பட்டவர் கேட்கிறவர். முதலில் நாமே போக வேண்டும்.

ஆறாம் படி: புயலையும் மறைக்காமல் எழுதுதல்

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மரத்தோடு கூடுகளும் போயின. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ நாகைக் கடற்கரை மறக்காது. இயற்கையில் தேவனைக் காண்பது பற்றி எழுதுகிறவர்கள் மலரையும் பறவையையும் மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தால், இந்தப் படுகையில் வாழ்கிறவர்களுக்கு அது பாதி உண்மையாகவே ஒலிக்கும். சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8:22 சொல்கிறது. ஆகவே கீரியின் வாயில் ஓணான் துடிப்பதையும், பூச்சிமருந்து அடித்த மறுநாள் வரப்பில் செத்துக் கிடக்கும் நண்டையும் அப்படியே எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்குக் கீழே புலம்பலின் சங்கீதம் ஒன்றை எழுதினால் போதும், விளக்கம் வேண்டாம்.

ஏழாம் படி: கையால் செய்தல்

பாடம் செயலாகாவிட்டால் அது பொழுதுபோக்காகவே நின்றுவிடும். உபாகமம் 22:6-7 கூட்டில் குஞ்சுகளையோ முட்டைகளையோ காத்திருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்று கட்டளையிடுகிறது. கூடிருக்கும் காலத்தில் மரக்கிளை வெட்டுவதைத் தள்ளிப்போடுவது அந்தக் கட்டளைக்கு இன்று நாம் காட்டக்கூடிய கீழ்ப்படிதல். கோடையில் அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். கொசு பெருகாமல் இருக்கத் தினமும் கொட்டி மாற்றுங்கள். ஓட்டு வீடு போய் கான்கிரீட் வீடு வந்தபின் சிட்டுக்குருவிக்குக் கூடு வைக்கச் சந்து கிடைப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல வட்டத் துளையுள்ள மரப்பெட்டி ஒன்றை வெயில் படாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில் மாட்டலாம். எலிக்கு விஷம் வைப்பதை இயன்றவரை தவிருங்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகும். சுவரில் ஊரும் உயிர்களுக்குப் பசை அட்டை வைப்பதையும் நிறுத்துங்கள். அதில் ஒட்டிக்கொண்டு பல்லி மணிக்கணக்கில் துடிப்பதை ஒருமுறை பார்த்தால் போதும்.

எட்டாம் படி: வீட்டிலும் சபையிலும் பகிர்தல்

படுகையின் விவசாய ஆண்டும் திருச்சபை ஆண்டும் அழகாக இணைந்து ஓடுகின்றன. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும். வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் மடையானும் கொக்கும் வரும். அந்த வாரத்துக்கு சங்கீதம் 104 பொருந்தும்: "ஏற்றவேளையில் ஆகாரத்தைத் தருவீர் என்று அவைகளெல்லாம் உம்மை நோக்கிக் காத்திருக்கும்." தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் அந்த வரியை வாசிப்பது இன்னும் ஆழமாகத் தைக்கும். செப்டம்பருக்குப் பின் தகைவிலான்கள் வடக்கிலிருந்து வந்து வயலோரக் கம்பிகளில் உட்காரும்போது எரேமியா 8:7ஐ வாசிக்கலாம். தன் காலத்தை அறிந்து வரும் அந்தக் குருவியைக் காட்டித்தான் தீர்க்கதரிசி ஜனத்தைக் கடிந்துகொள்கிறார். செப்டம்பர் 1 முதல், அசிசி பிரான்சிஸின் நினைவுநாளான அக்டோபர் 4 வரை பல திருச்சபைகள் படைப்பின் காலமாக அனுசரிக்கின்றன. கத்தோலிக்கப் பங்குகளோடு சேர்ந்து செய்ய நல்ல வாய்ப்பு அது. தவக்காலம் சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் வயலில் நிற்கும் காலத்தில் வரும். அப்போது வயலோரப் பனையில் பழைய தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கினால் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

அடுத்த வீட்டார் அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைப்பார்கள். அணிலின் முதுகுக் கோட்டுக்கு இராமர் கதை சொல்வார்கள். அவற்றை நம் பாடத்தில் கேலிக்குப் பயன்படுத்தலாகாது. அவர்களும் அந்த உயிர்களை நம்மைவிட நெடுங்காலம் கவனித்து வந்தவர்கள். உங்கள் பதிவேட்டில் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கும், கேளுங்கள். நம் நம்பிக்கையைப் பற்றி அவர்கள் கேட்டால், வேதத்தில் காகம் வரும் இடங்களை மரியாதையோடு சொல்லுங்கள்.

ஞாயிறுபள்ளியில் இதை நடத்துகிறவர்கள் முதல் மாதம் வசனம் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு ஓர் உயிரைப் பார்த்து மூன்று வரி எழுதிவரட்டும். ஆசிரியரும் எழுதிவர வேண்டும். இரண்டாம் மாதத்திலிருந்து அந்த வரிகளுக்குப் பக்கத்தில் வேதப்பகுதியைப் பிள்ளைகளே தேடிச் சேர்க்கட்டும். அறுப்பின் பண்டிகை அன்று காய்கறியும் நெற்கதிரும் படைக்கும் மேசையில் இந்த நோட்டுகளையும் வைத்து, ஆயரிடம் முன்கூட்டியே சொல்லி, இரண்டு பிள்ளைகள் தாங்கள் எழுதியதை விளக்கம் எதுவும் சேர்க்காமல் சபைக்கு வாசிக்க நேரம் வாங்குங்கள்.